வந்து போவோருக்கா, வாழ்வோருக்கா?



உங்கள் வீட்டில் ஆகப் பெரிய அறை எது? ஆகக் குறைவாகப் பாவிக்கப்படும் அறை எது? இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடைதான் வருகிறதென்றால் இந்த மாதத்துப் பேச்சு உங்களோடுதான்.

நமது ஊர்களில், முக்கியமாகக் கிழக்குக் கரையோரத்தில், எழும்புகின்ற புது வீடுகளைப் பாருங்கள். முன்னால் விசாலமான மண்டபம். அதிலே மெத்தை வைத்த கதிரைகள். சிலவற்றில் கடையில் போட்ட பொலித்தீன் உறைகூட இன்னும் கழற்றப்படவில்லை. சுவரோரம் கண்ணாடி அலுமாரி. அதற்குள்ளே யாரும் ஒரு நாளும் தேநீர் குடித்திராத கோப்பைகள். பிள்ளைகள் அந்தப் பக்கம் போனால் அதட்டல். பெருநாளைக்கும் சம்பந்தம் பேச வருகின்ற அன்றைக்கும்தான் அந்த மண்டபத்துக்கு உயிர் வரும். அதே வீட்டின் குசினியோ பின்னால், வெயில் விழும் மேற்குப் பக்கத்தில், ஒரே ஒரு சிறிய யன்னலோடு ஒடுங்கிக் கிடக்கும். நாளின் பாதியை அந்த வீட்டுப் பெண் கழிப்பது அங்கேதான்.

விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது நமது மார்க்கம். அதில் பேச்சில்லை. ஆனால் ஸஹீஹ் முஸ்லிமில் வருகின்ற ஒரு ஹதீஸை நினைத்துப் பாருங்கள். விரிப்புகளைக் கணக்கிட்ட நபி (ஸல்) அவர்கள் கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, மூன்றாவது விருந்தாளிக்கு என்றார்கள்; நான்காவதை ஷைத்தானுக்குரியதாகச் சொன்னார்கள். அந்த வரிசையைக் கவனித்தீர்களா? வீட்டுக்காரர் முதலில், விருந்தாளி பிறகு. நாமோ விருந்தாளியிலிருந்து தொடங்கி, நான்காவதற்கும் தாராளமாக இடம் ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய மூலையில் வீட்டுக்காரியை நிறுத்துகிறோம்.

இந்த வீடுகளில் பல எப்படி எழும்பின என்பதும் நமக்குத் தெரியும். ஓர் உம்மா குவைத்திலோ ரியாதிலோ பிறர் வீட்டுத் தரையைத் துடைத்து அனுப்பிய காசு அந்தச் சுவர்களில் இருக்கிறது. பல வருடம் கழித்து அவர் திரும்பி வரும்போது வீடு மகளின் பெயரில் எழுதப்பட்டிருக்கும். உம்மாவும் வாப்பாவும் பின்வளவில் தகரம் போட்ட ஒரு கொட்டிலுக்குள் ஒதுங்குவார்கள். சீதன வீட்டின் சட்டத்தைப் பேச நான் இங்கே வரவில்லை. அதை வேறொரு நாளைக்குப் பேசலாம். இன்றைக்கு வீட்டின் வரைபடத்தைத்தான் பேசுகிறேன். வரைபடம் போடுகிற அன்றைக்கே உம்மாவுக்கென்று கீழ்மாடியில், குளியலறைக்குப் பக்கத்தில், ஓர் அறை குறிக்கப்பட வேண்டும். மண்டபத்தில் நான்கு அடியைக் குறைத்தால் அந்த அறை வந்துவிடும்.

அந்த அறையில் பெரிய அலங்காரம் ஒன்றும் தேவையில்லை. கட்டிலில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படவேண்டும். காலை தட்டும் நிலைப்படி கூடாது. கதவு மூன்றடி அகலம் இருக்கட்டும். நாளை சக்கர நாற்காலி வந்தாலும் நுழையும். படுத்தபடியே கையெட்டும் தூரத்தில் விளக்கின் சுவிட்ச் வேண்டும். குளியலறைக் கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி போடச் சொல்லுங்கள். உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்து கதவோடு கிடந்தால், உள்நோக்கித் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ள முடியாது. பளபளக்கிற வழுவழுப்பான டைல்ஸ் மண்டபத்துக்கு அழகு. தண்ணீர் தேங்குகிற இடத்தில் அதுவே ஆபத்து. சொரசொரப்பான தரையும், சுவரில் நன்றாக இறுக்கிய கைபிடியும் அங்கே வேண்டும்.

வுழூவைப் பற்றி யாரும் மேசனிடம் சொல்வதில்லை. முகம் கழுவும் தொட்டி ஒன்றைப் பொருத்திவிட்டு முடிந்தது என்கிறார்கள். அறுபது வயதுப் பெண் ஈரத் தரையில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை அந்தத் தொட்டியின் உயரத்துக்குத் தூக்குவதை எண்ணிப் பாருங்கள். அதுவும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை! தாழ்வாக ஒரு பைப், அதற்கு முன்னால் உட்கார ஒரு சீமெந்துத் திட்டு, தண்ணீர் ஓட ஒரு சரிவு. செலவு மிகச் சொற்பம்.

இனிக் குசினிக்கு வருவோம். சமையல் திட்டைப் பொதுவாக 36 அங்குல உயரத்தில் கட்டிவிடுகிறார்கள். எந்தப் பெண்ணின் உயரத்துக்கு? நீங்கள் நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதிலே நான்கு முதல் ஆறு அங்குலத்தைக் கழியுங்கள். உங்கள் திட்டு அந்த உயரம்தான். ஐந்தடி உயரமுள்ள ஒருவருக்கு அது ஏறக்குறைய 33 அங்குலம் வரும். மூன்று அங்குலம் என்ன பெரிதா என்று கேட்கிறவர் ஒரு மாதம் தேங்காய் திருவி, கறி நறுக்கிப் பார்க்கட்டும். தோள் பதில் சொல்லும்.

குசினியை வாழ்கிறவரிடம் கேட்காமல் கட்டினால் என்னவாகும் என்பதை 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பிறகு நமது கரையோரம் கண்டது. ஒரே வரைபடத்தில் கட்டித் தரப்பட்ட வீடுகளுக்குப் போன பலர் பின்னால் குசினிக் கொட்டில் ஒன்றை இறக்கினார்கள். உள்ளே இருந்த குசினியில் விறகு எரிக்க வழியில்லை. 2022ஆம் ஆண்டு எரிவாயு கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றபோது, வசதியாகக் கட்டிய வீடுகளுக்கும் அதே கதைதான் நேர்ந்தது. விறகடுப்பு திரும்பி வந்தது. அதற்கான புகைபோக்கி வீட்டில் இல்லை. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் பெண்களும், அவர்களின் மடியிலும் இடுப்பிலும் இருந்த பிள்ளைகளும். ஆகவே காஸ் இருந்தாலும் புகைபோக்கி ஒன்றைக் கட்டி வையுங்கள். 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நாடெங்கும் நடந்த எரிவாயு வெடிப்புகளையும் மறக்க வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையோடு படியும். உயரத்தில் மட்டும் யன்னல் வைத்த குசினியில் அது வெளியேறாது. சுவரின் அடியிலும் துவாரம் வேண்டும்.

காற்றைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. பர்தாவுக்காக யன்னலை அடைத்துவிட்டு, கச்சான் காற்று வீசும் மாதங்களில் பெண்கள் உள்ளே வேகிறார்கள். மறைவும் காற்றும் ஒன்றுக்கொன்று பகை என்று யார் சொன்னது? ஜித்தாவின் பழைய நகரத்திலும் கெய்ரோவிலும் நூற்றாண்டுகளாக மரச்சட்டங்களைப் பின்னி யன்னல்களுக்கு முன்னே நிறுத்தினார்கள். கெய்ரோவில் அதற்கு மஷ்ரபிய்யா என்று பெயர். காற்று நுழையும், வெளியிலிருந்து பார்க்கிறவன் கண் நுழையாது. உள்ளிருப்பவருக்கோ தெரு தெரியும். நமக்கு மரம் கட்டுப்படியாகாது. கண்மட்டத்துக்கு மேலே ஒரு வரிசை, அடியில் ஒரு வரிசை என்று துளையிட்ட சீமெந்துக் கற்களை வைத்துக் கட்டலாம். எதிர்ச் சுவரிலும் அப்படி வைத்தால்தான் காற்று ஓடும். ஒரு பக்கம் மட்டும் திறந்த அறையில் காற்று வாசலிலேயே நின்றுவிடும். மேற்குச் சுவரோரம் படுக்கையறை வேண்டாம். பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தச் சுவரும் கொங்கிறீட் கூரையும் இரவில்தான் திருப்பித் தரும்.

ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டில் இருக்கிறவர்கள் என்ன செய்வது? மண்டபத்துக் கதிரைகளில் பாதியை ஒதுக்கிவிட்டுப் பன்பாயை விரியுங்கள். காலையில் பிள்ளைகள் ஓதவும், பகலில் நீங்கள் தைக்கவும், ஜமாஅத்தாக நின்று தொழவும், இரவில் பையன்கள் தனியாகப் படுக்கவும் அந்த ஒரே இடம் போதும். பத்து வயதானால் பிள்ளைகளின் படுக்கையைப் பிரிக்கச் சொன்ன மார்க்கம் நமது. அதற்குத் தனி அறை இல்லையே என்று கவலைப்படுகிற வீடுகளில்தான் அந்தப் பெரிய மண்டபம் இராமுழுக்க வெறுமையாகக் கிடக்கிறது. கண்ணாடி அலுமாரிக் கோப்பைகளில் இன்று அஸருக்குப் பிறகு உம்மாவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுங்கள். ஒன்றிரண்டு உடையும். உடையட்டுமே.