சமத்திலிருந்து சமத்துக்கு

எங்கள் தெரு பஜனை மடத்தில் சனிக்கிழமைதோறும் தபலா வாசித்துவந்த என் நண்பருக்குப் போன வருஷம் கை நடுக்கம் வந்துவிட்டது. முப்பது வருஷம் வாசித்த கை. இப்போது டம்ளரைப் பிடித்தால் பாதிக் காபி டபராவில் சிந்துகிறது. நல்லவேளையாக, நடுக்கம் முற்றுவதற்கு முன் ஒரு மத்தியானம் அவரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பதிவு செய்துவைத்திருந்தோம். ஆதி, ரூபகம், திஸ்ர நடை என்று சலிக்காமல் வாசித்துக்கொடுத்தார். அதைத் துண்டு துண்டாக வெட்டி கீபோர்டின் பேடுகளில் ஏற்ற வேண்டும், ஒரு தட்டு தட்டினால் அவர் வாசிப்பு சுற்றிச் சுற்றி வர வேண்டும். அதுதான் எங்கள் திட்டம்.

கீபோர்டு வாசிக்கும் தம்பி கெட்டிக்காரன். ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டான். ஆனால் முதல் சனிக்கிழமையே பாட்டு நொண்டியது. ஆவர்த்தனம் முடிந்து சமத்துக்குத் திரும்பும்போதெல்லாம் ஒரு விக்கல். தாளம் போட்ட கைகள் அந்தரத்தில் நின்று, பிறகுதான் தொடையில் விழுந்தன. ஜால்ராவை வேறொரு பேடில் போட்டிருந்தான். ஐந்து நிமிஷப் பாட்டு முடிவதற்குள் ஜால்ரா ஒரு பக்கம், தபலா ஒரு பக்கம். என் நண்பர் முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். "கீபோர்டிலேயே ரிதம் இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டுப் போங்களேன், இவரை ஏன் கஷ்டப்படுத்துகிறீர்கள்" என்று ஒருவர் என் காதோடு சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கணக்கைப் பாருங்கள். நிமிஷத்துக்கு 80 அட்சரம் என்றால் ஓர் அட்சரம் 0.75 விநாடி. ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்துக்கு 6 விநாடி. துண்டு 0.03 விநாடி நீளமாகிவிட்டால் என்ன பெரிதாக ஆகிவிடும் என்று தோன்றும். ஐந்து நிமிஷத்தில் அது ஐம்பது தடவை சுற்றுகிறது. மொத்தம் ஒன்றரை விநாடி. அதாவது முழுசாக இரண்டு அட்சரம்.

அந்த 0.03 எங்கிருந்து வந்தது? தம்பி எல்லாவற்றையும் எம்பி3 ஆக மாற்றி ஏற்றியிருந்தான். எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் கொண்ட கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளும். விநாடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் 6 விநாடிக்கு 2,64,600. அதை 1152 ஆல் வகுத்தால் மீதி விழுகிறது. கடைசிக் கட்டம் நிரம்பாததால் அதில் மௌனத்தைப் போட்டு நிரப்புகிறது. போதாததற்கு ஆரம்பத்திலும் கொஞ்சம் மௌனம் சேர்க்கிறது. பாட்டுக் கேட்பவருக்கு இது தெரியாது. லூப்புக்கு இதுவே எமன். வேவ் கோப்பாகவே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

அதைச் சரிசெய்த பிறகும் விக்கல் முழுதாகப் போகவில்லை. தம்பிக்கும் எனக்கும் சண்டை வந்தது இந்த இடத்தில்தான். அவன் ஒவ்வோர் ஆவர்த்தனத்தையும் சரியாக 6 விநாடியில் வெட்டினான். என் நண்பர் கடிகாரமா என்ன? ஒரு சுற்று 5.94 விநாடி, அடுத்தது 6.03. ஆறாவது விநாடியில் வெட்டினால், ஒன்றில் அடுத்த சமத்தின் தட்டும் வாலில் ஒட்டிக்கொண்டு இரண்டு தட்டாகக் கேட்கிறது. இன்னொன்றில் முடிவதற்கு முன்பே கத்தி விழுகிறது. "அப்படியானால் சாஃப்ட்வேரில் இழுத்து எல்லா அடியையும் சரியான இடத்தில் உட்காரவைத்துவிடலாம் சார்" என்றான். செய்தும் காட்டினான். விக்கல் போயிற்று. என் நண்பரும் போய்விட்டார். கடையில் விற்கிற ரிதம் மாதிரி இருந்தது. மூன்றாவது அட்சரத்தை இழுத்துப்பிடித்துக் கொஞ்சம் தாமதமாகப் போடுவாரே, அந்தக் குழைவு இல்லை.

என் கட்சி இதுதான்: கடிகாரத்தைப் பார்த்து வெட்டக் கூடாது, சமத்தின் தட்டு எழும்பும் இடத்தில் ஆரம்பித்து, பிந்தைய ஒரு சமம் எழும்புவதற்குச் சற்று முன்னால் வெட்ட வேண்டும். நடுவில் எதையும் தொடக் கூடாது. வெட்டுகிற இரண்டு முனையிலும் அலை பூஜ்யத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் 'டிக்' என்று கேட்கும். ஓர் ஆவர்த்தனத்துக்குப் பதில் நான்காக எடுத்தால், திரும்பத் திரும்ப வருவது காதுக்குச் சட்டென்று தெரியாது. இன்னொன்று, பதிவின் முதல் சுற்றை எடுக்காதீர்கள். இடக்கை பாயாவின் கார்வை அடுத்த சமத்துக்குள்ளும் வழிந்து ஓடும். முதல் சுற்றின் தலையில் அந்தக் கார்வை இருக்காது, இரண்டாவதிலிருந்து இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

இந்த வேலை கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே நடந்திருக்கிறது. 1977 இல் பீ ஜீஸ் குழுவினர் 'ஸ்டேயிங் அலைவ்' பாட்டைப் பதிவு செய்தபோது டிரம்மர் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. தங்களுடைய 'நைட் ஃபீவர்' பாட்டிலிருந்து அவர் வாசித்த கொஞ்சம் டேப்பை வெட்டி, வளையமாக ஒட்டி, சுற்றவிட்டார்கள். வாசித்தவர் பெயராக 'பெர்னார்ட் லூப்' என்று வேடிக்கைக்குப் போட்டுக்கொண்டார்கள். அப்படி ஓர் ஆளே கிடையாது. ஆனால் அந்த டேப்பில் இருந்தது ஒரு மனிதர் வாசித்த அடி. உலகமே அதற்கு ஆடியது.

ஜால்ராவை லூப்பில் போடுவதை விட்டுவிட்டோம். இரண்டு லூப்பையும் ஒட்டவைக்க மல்லுக்கட்டுவதைவிட மாமி ஒருவர் கையில் கொடுத்தது உத்தமமாயிற்று. தம்பியும் இப்போது சமத்தில் விரல் விழுகிற மாதிரி பேடைத் தட்டப் பழகிவிட்டான். அதுவும் ஒரு வாசிப்புத்தான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

என் நண்பர் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறார். ஆதி தாள லூப்பில் மூன்றாவது சுற்றில் ஓர் அடி லேசாகச் சறுக்கியிருக்கும். இருபத்து நான்கு விநாடிக்கு ஒரு தடவை அது வரும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார். "அதை மட்டும் எடுத்துவிடேன் ஓய், ஜனங்கள் முன்னால் மானம் போகிறது" என்று போன வாரமும் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.