வராதவர் எல்லாம் நோயற்றவரா?

“இடுப்புக்குழி அழற்சி அபூர்வமான நோய், ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் பாருங்கள்” என்கிறார் ஒரு கட்டுரையாளர். பதிவேடு, வந்தவர்களைத்தான் எண்ணும், வராதவர்களை அல்ல.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பாங், அபய் பாங் தம்பதி இரு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மகளிர் நோய் இருந்தது. கருப்பை, கருக்குழாய்களைத் தாக்கும் இந்த இடுப்புக்குழி அழற்சியும் அவற்றில் ஒன்று. அதற்கு முன் மகளிர் நோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்களோ வெறும் 8 சதவீதம்!

அடிவயிற்று வலியைச் ‘சூடு’ என்று சொல்லி, வெந்தயத்தை விழுங்கி மோர் குடித்துவிட்டுக் களையெடுக்கப் போகிறவள் எந்தப் பதிவேட்டில் இருப்பாள்? வலியே இல்லாமலும் இந்நோய் கருக்குழாயைத் தழும்பாக்கி அடைத்துவிடும். பின்னாளில் அவளுக்குக் கிடைப்பது ‘மலடி’ பட்டம்.

அபூர்வமாக இருப்பது நோயல்ல, பரிசோதனை.