கூண்டு ஏறியது, புயல் எங்கே?



பரீட்சை ஹாலுக்குள் நுழைகிறபோது நம்மில் பலர் சட்டைப்பையில் ஒரு ‘ராசியான’ பேனா இருக்கும். “போன செமஸ்டர் இதுலதான் எழுதுனேன் மாப்ள, ஆல் கிளியர்!” என்பார்கள். அதே பேனாவில் எழுதி அரியர் விழுந்த பேப்பரைச் சொல்ல மாட்டார்கள். வேறு பேனாவில் எழுதிப் பாஸானவர்களை எண்ணவும் மாட்டார்கள். இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு குறியையும் ஒரு விளைவையும் இப்படி அரைகுறையாக முடிச்சுப் போடும் பழக்கம் நம் கடற்கரையில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. இந்தக் கடலின் முத்துக்குளிப்பைப் பற்றி 13-ம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். சுறா கடிக்காமல் இருக்க மந்திரம் போடுகிறவர்களுக்கு, எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு கூலியாம். பகலில் கட்டிய மந்திரத்தை இரவில் அவிழ்த்தும் விடுவார்களாம். திருடன் எப்படி இறங்குவான்! பிற்காலத்தில் இவர்களுக்குக் ‘கடல்கட்டி’ என்று பெயர். எமர்சன் டென்னன்ட் 1859-ல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இன்னொரு வேடிக்கை உண்டு. அவர் போன சமயம் கடல்கட்டிக்கு உடம்பு சரியில்லை. பதிலுக்கு வந்த ஆளுக்கு மந்திரமே தெரியாது. ஆனாலும், தான் அவருடைய பிரதிநிதி என்பதால் சுறாக்கள் மதிக்கும் என்றாராம்!

முத்துக்குளித்தவர்கள் என்ன முட்டாள்களா? மூச்சடக்கிக் கடலடியில் சிப்பி அள்ளிய தீரர்கள் அவர்கள். மந்திரம் போட்டார்கள், சுறா கடிக்கவில்லை. கண்ணால் கண்டது அதுதான். மந்திரம் போடாமல் இறங்கினால் என்ன ஆகும்? அப்படி இறங்கத்தான் யாரும் துணியவில்லையே!

ட்ரூத் டேபிள் படித்த நமக்கு இது உடனே புரிய வேண்டும். இரண்டு இன்புட்டுக்கும் 1 கொடுத்தால் அவுட்புட் 1. அண்ட் கேட்டும் அப்படித்தான், ஆர் கேட்டும் அப்படித்தான். அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து என்ன கேட் என்று சொல்ல முடியுமா? குறியும் விளைவும் கூட அப்படியே. குறி இருந்து விளைவு வந்தது, குறி இருந்தும் வராதது, குறி இல்லாமலே வந்தது, இரண்டும் இல்லாதது என்று நாலு வரி. நாலையும் நிரப்பினால்தான் தொடர்பு உண்டா இல்லையா என்று தெரியும்.

1963-ல் ஸ்மெட்ஸ்லுண்ட் என்ற உளவியலாளர் செவிலியர்களிடம் 100 அட்டைகளைக் கொடுத்தார். ஓர் அட்டை ஒரு நோயாளி. நோய்க்குறியும் நோயும் சேர்ந்திருந்த அட்டைகள் 37. அதைப் பார்த்தே பெரும்பாலோர் இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றார்கள். மீதி அட்டைகளையும் கணக்கிட்டால் தொடர்பே இல்லை! 1968-ல் ரெஸ்கார்லா என்பவர் எலிகளை வைத்துச் சோதித்தார். ஒலி கேட்கும்போது மின் அதிர்ச்சி வந்தது. ஒலி இல்லாதபோதும் அதே அளவுக்கு வந்தது. அந்த எலிகள் ஒலிக்குப் பயப்படப் பழகவில்லை. எலிகூட அடுத்த வரியைப் பார்க்கிறது, நண்பர்களே!

இப்போது நம் ஊருக்கு வருவோம். வ.உ.சி. துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் கரையில் என்ன பேச்சு? “போன தடவையும் ஏத்துனான், வெயில்தாம்லே அடிச்சுது!” தொழிலுக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. அதனால் அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. என் அப்பாவும் கடல் தொழிலாளிதான். வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான் என்பதால், “படிச்ச பயதான, நீயே சொல்லு, கூண்டு நெசமா பொய்யா?” என்று என்னிடம்தான் கேட்கிறார்கள். நான் சொல்கிற பதில் மூன்று.

ஒன்று: ‘தூத்துக்குடிக்குப் புயல் வருகிறது’ என்று 1-ம் எண் கூண்டு சொல்லவே இல்லை. தொலைவில் கடலில் தாழ்வு மண்டலம் இருக்கிறது, அது புயலாகலாம் என்பதே பொருள். துறைமுகத்தையே பலத்த காற்று தாக்கலாம் என்பது 3. பெரும் அபாயம் என்றால் 8, 9, 10. சொல்லாத விளைவைக் கூண்டின் தலையில் கட்டிவிட்டு, பொய் என்றால் எப்படி?

இரண்டு: கூண்டு ஏற்றிய நாளில் போய்ச் சுகமாகத் திரும்பியவர் டீக்கடையில் கதை சொல்வார். திரும்பாதவர் எந்த டீக்கடையில் வந்து சொல்வார்? அந்த வரி எழுதப்படாமலே போகிறது.

மூன்று: கூண்டு கண்ணில் படவில்லை என்பதற்காகப் பயமில்லை என்று நினைப்பதும் தப்புப் பாடம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரிக்கடலில் வேகமாக உருவானது. முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகள் பலவற்றுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

அப்படியானால் பெரியவர்களின் கடலறிவு மூடநம்பிக்கையா? அப்படிச் சொல்பவனோடு நான் சண்டைக்கே வருவேன். காற்று திரும்புவதையும் நீரோட்டம் மாறுவதையும் அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். மேகம் இருந்த நாளும் கடலுக்குப் போனார்கள், இல்லாத நாளும் போனார்கள். நாலு வரியும் தானாக நிரம்பிய படிப்பு அது. ஆனால் பெரும்புயல் தினமும் வராது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த மாதிரி ஒன்றை ஒருவர் தன் ஆயுளில் ஒருமுறை கண்டாலே அதிகம். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியதே, எந்தத் தாத்தாவின் அனுபவத்தில் அது இருந்தது? அரிதாக வருவதைக் கற்க ஒரு ஆளின் நினைவு போதாது. பல பேர் கணக்கு வேண்டும்.

ஆகவே நம் மாணவர் சங்கத்துக்கு என் கோரிக்கை இது. என்.எஸ்.எஸ். முகாமில் சுவருக்கு வெள்ளையடித்தது போதும். மீன் இறங்குதளத்தில் ஒரு கரும்பலகை வைப்போம். ஒரு பக்கம் ஒவ்வொரு கூண்டு எண்ணுக்கும் பொருள். மறுபக்கம் தேதி, எத்தனையாம் எண், கரையில் காற்று எப்படி, வெளிக்கடலில் எப்படி. கூண்டு ஏறாத நாளையும் விடாமல் எழுதுவோம். போய் வந்தவர்களிடம் கேட்டு எழுதுவோம். மாதக் கடைசியில் நோட்டில் ஏற்றுவோம். செலவு ஒரு டப்பா சாக்பீஸ்.

நாலு வரியும் நிரம்பட்டும். பிறகு நம்புவதா வேண்டாமா என்று கடலுக்குப் போகிறவர்களே முடிவு செய்யட்டும்!