குறுநாடகம் இடைவேளைப் பண்டமா?

சென்ற ஆண்டு வெள்ளவத்தை மண்டபமொன்றில் நடைபெற்ற கலைவிழாவுக்கு நாம் சென்றிருந்தோம். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை போர்த்தல் என்று ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழிந்தது. நிகழ்ச்சி நிரலின் கீழ்ப்பகுதியில் 'தனி நடிப்பு' என்று இரண்டு சொற்கள் காணப்பட்டன. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, மலையகத்திலிருந்து கொழும்பு வீடொன்றுக்கு வேலைக்கு வந்த சிறுமியாக நின்று பேசுவதற்குப் பன்னிரண்டு நிமிடப் பிரதியொன்றை ஆயத்தஞ் செய்திருந்தாள். அவள் மேடையேறும் தறுவாயில் ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து, "பிள்ளை, நேரம் போட்டுது, அஞ்சு நிமிசத்திலை முடிச்சுப்போடு" என்றார். அவளும் முடித்தாள். மிஞ்சிய ஏழு நிமிடத்தை நன்றியுரை எடுத்துக்கொண்டது.

அப்பிரதியைப் பின்னர் கேட்டு வாங்கிப் படித்தோம். வெட்டுண்ட பகுதியிலேதான் அச்சிறுமி முன்வரிசையை நோக்கித் திரும்பி, "அம்மா, நான் எங்க படுத்துக்கிறது?" என்று கேட்கிறாள். அதுவரை அவள் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த சபை அக்கணத்தில் அவளுடைய எசமானியாக மாறியிருக்கும். அந்தக் கேள்விதான் நாடகம். அது ஒலிக்கவேயில்லை.

இதனை ஒரு தனிமனிதரின் தவறென்று நாம் கொள்ளவில்லை. நாடகமென்றால் மூன்று மணி நேரம் நடக்க வேண்டும், திரை பலமுறை ஏறி இறங்க வேண்டும், காட்சிக்கொரு சோடனை வேண்டும். இவையில்லாதது வெறுந் துணுக்கு, உரைக்கும் உரைக்குமிடையே சபையோர் கால்நீட்டி இளைப்பாறுவதற்கான பண்டம் என்ற எண்ணம் எமது சபைகளில் வேரூன்றியுள்ளது. முழுநீள நாடகத்துக்கு நாம் பகைவரல்லர். அ. ந. கந்தசாமியின் 'மதமாற்றம்' 1967இல் கொழும்பில் மேடையேறியதை எமது அரங்கின் பெருமைகளுள் ஒன்றாகவே கருதுகிறோம். ஆனால் ஒரு கலைவடிவத்தை மணிக்கூட்டைக் கொண்டு அளக்கும் இரசனையை நாம் ஏற்க முடியாது.

பழந்தமிழ்ப் பெருமை பேசும் கனவான்களை ஒன்று கேட்க விரும்புகிறோம். நீங்கள் தலையில் வைத்துப் போற்றும் குறுந்தொகை எத்தகைய நூல்? பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிக்குள் அடங்கும் பாடல்களின் தொகுப்பு. அப்பாடல்களிலே புலவன் தன் குரலிற் பேசுவதில்லை. தலைவியோ தோழியோ தலைவனோ செவிலியோ ஒருவரை நோக்கிப் பேசுகிறார். தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளாக முப்பத்துநான்கினைக் கூறுமிடத்து, 'கூற்று' என்பதோடு அமையாது, 'கேட்போர்' என்பதனையும் 'களன்' என்பதனையும் சேர்த்தே எண்ணுகிறது. பேசுபவர் யார், கேட்பவர் யார், எவ்விடத்தில் என்ற மூன்றும் தெளிந்தாலன்றிப் பாடல் பொருள்படாது என்பதை எம் முன்னோர் அறிந்திருந்தனர். தனிநடிப்பின் இலக்கணமும் இதுவேயன்றோ? இலக்கியத்திற் குறுமையை வியந்துவிட்டு அரங்கில் அதனை இகழ்வது என்ன நியாயம்?

ஈழத்து அரங்கின் வரலாறும் எமக்குச் சான்று பகர்கிறது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட 'நானாடகம்' நான்கு நாடகங்களை ஒரே நூலில் அடக்கியது. யாழ்ப்பாணத்து மக்களின் பேச்சுத் தமிழுக்கு அது மேடையில் இடமளித்தது. ஆயினும் 1960களின் தொடக்கத்தில் மக்கள் வழக்கில் எழுதியோரை நோக்கி 'இழிசனர் வழக்கு' என்ற வசை வீசப்பட்டதை நாம் மறக்கவில்லை. அந்த வசைக்கு அரங்கு தந்த விடைகளுள் ஒன்று 'அண்ணை றைற்'. கே. எஸ். பாலச்சந்திரன் (1944–2014) தனியொருவராக நின்று நடித்த இப்படைப்பில் யாழ்ப்பாணத்துப் பஸ் கொண்டக்டர் ஒருவர் பேசுகிறார். மேடையில் பஸ் இல்லை, பிரயாணிகளும் இல்லை. அவர் எவருக்கோ பதிலிறுக்கும்போது கேள்வியை நாமே ஊகித்துக்கொள்கிறோம். முன்னுக்குப் போகச் சொல்லும்போது நாமே நெருக்கியடித்து நிற்கிறோம். சபை முழுவதும் பிரயாணிகளாகிவிடுகிறது. மேடையிலும் ஒலிநாடாவிலும் மக்கள் அதனை விரும்பிக் கேட்டதற்குக் காரணம் வெறும் நகைச்சுவையன்று. ஒரு தொழிலாளி தன் தொழிலின் மொழியில் சபையை ஆண்டான் என்பதே.

எமது அணியிலிருந்தே எழும் மறுப்பொன்றையும் கவனிக்க வேண்டும். "தனிமொழி தனிமனிதனின் அரற்றல், வர்க்கங்களின் மோதலை அது காட்டாது, சமுதாயத்திலிருந்து மனிதனைப் பிரித்து நிறுத்துவது முற்போக்காகுமா?" என்று நண்பர் சிலர் வினவுகின்றனர். இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. தன் மனப்புண்ணைத் தானே நக்கிக்கொள்ளும் தனிமொழிகள் பல உண்டு. ஆனால் பிறெக்ற்றின் 'மூன்றாம் றைக்கின் அச்சமும் அவலமும்' என்ற தொடரைப் பாருங்கள். அதன் காட்சிகள் சில 1938இல் பாரிஸ் நகரில் முதன்முதல் மேடையேறின. அத்தொடரிலுள்ள 'யூத மனைவி'யில் ஒருத்தி பெட்டி அடுக்குகிறாள். தெரிந்தவர்களுக்குத் தொலைபேசியில் விடைகூறுகிறாள். கணவனிடம் சொல்ல வேண்டியதை வெற்று நாற்காலியை நோக்கி ஒத்திகை பார்க்கிறாள். பின்னர் கணவன் வருகிறான். சில வாரங்களுக்குத்தானே என்று ஆறுதல் கூறுகிறான். கூறியவாறே, குளிர்காலத்தில் மட்டுமே தேவைப்படும் உரோமக் கோட்டை அவளிடம் எடுத்துக் கொடுக்கிறான். அந்தக் கோட்டு ஒன்றே போதும். நாசிசம் ஒரு கல்விமானின் மனச்சாட்சியை எவ்வாறு தின்றது என்பதை இதனினும் தெளிவாக எந்த மூன்று மணி நேரம் காட்டிவிட முடியும்? இங்கே தனிக்குரல் சமுதாயத்தைப் புறத்தே நிறுத்தவில்லை. அதனை அறைக்குள் இழுத்து வருகிறது.

குறுமைக்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. மண்டப வாடகையும் ஒளியமைப்பும் ஒலியமைப்பும் எவருக்கு எட்டும்? கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய வீடுகளில் வாழும் மாணவருக்கும், இரவு கடை சாத்திய பின்னரே வீடு திரும்பும் புறக்கோட்டைச் சிப்பந்திக்கும் மூன்று மாத ஒத்திகை என்பது கனவு. உழைப்பவனிடம் உள்ளது மதிய இடைவேளை. அவனுடைய நாடகம் அதற்குள் அடங்க வேண்டும். டில்லியின் ஜன நாட்டிய மஞ்ச் 1978இல் நடித்த 'மெஷின்' என்ற நாடகம் பதின்மூன்று நிமிடம் கொண்டது. சைக்கிள் நிறுத்த ஓரிடம், தேநீர் அருந்த ஒரு சாலை என்ற தொழிலாளரின் எளிய கோரிக்கைகளுக்குத் துப்பாக்கி விடையளித்த கதை அதன் கரு. அக்குழுவின் சப்தர் ஹாஷ்மி 1989 சனவரி முதலாந் திகதி சாகிபாபாத்தில் வீதிநாடகம் ஆடுகையில் தாக்கப்பட்டு மறுநாள் உயிர்நீத்தார். வீதியோரத்துச் சிறு நாடகத்தை நாம் துணுக்கென்கிறோம். அதன் எதிரிகளோ ஒருபோதும் அப்படி மயங்கியதில்லை.

எமது பக்கத்துக் குற்றத்தையும் மறைக்கலாகாது. குறுநாடகம் என்ற பெயரால் மேடையேறுவனவற்றுட் பல இகழத்தக்கனவே. தோட்டத்துத் தமிழைக் கோணலாகப் பேசிச் சிரிப்பூட்டுவதும், வேலைக்காரியை முட்டாளாக்கிக் கைதட்டல் வாங்குவதும் இன்றும் ஓயவில்லை. 2021இல் கொழும்பில் வீட்டு வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்த 16 வயது மலையகச் சிறுமி தீக்காயங்களுடன் மருத்துவமனையில் இறந்தாள். நாடு பதறியது. அதன் பின்னரும் அதே சிறுமியின் பேச்சுவழக்கு எமது மேடையில் நகைப்புப் பொருளாவது எவ்வளவு பெரிய வெட்கம்! அந்த நகைச்சுவைக்கு நேரம் குறைக்கப்பட்டதாக நாம் அறியோம். அவள் தன் குரலிற் பேச வந்தபோதுதான் மணிக்கூடு நினைவுக்கு வருகிறது.

ஆகவே குறுநாடகத்தை இரசிப்பதற்கு நாம் முன்வைக்கும் அளவுகோல் இதுவே: பேசும் பாத்திரம் சபையை யாராக ஆக்குகிறது? தன்னைப் பார்த்துச் சிரிக்கும் கூட்டமாகவா, தனக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகவா? சொல்லாது விட்டதைச் சபை தன் அறிவால் நிரப்புகிறதா, நிரப்புவதற்கு எதுவுமில்லையா? இவ்வினாக்களுக்கு விடையிருப்பின் ஐந்து நிமிடமும் நாடகமே. இல்லையேல் ஐந்து மணி நேரமும் வீணே.

ஆசிரியர்களே, நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் வகுப்பிற் குறுநாடகத்தைப் பயிற்சிப் படியாக மட்டும் காட்டாதீர்கள். முழுமை பெற்ற கலையாகக் காட்டுங்கள். மாணவர்களே, மண்டபம் கிடைக்கவில்லையென்று காத்திராதீர்கள். வகுப்பறையும் வாசிகசாலையும் ஒழுங்கை முகப்பும் உங்களுக்குப் போதும். விழா எடுப்போருக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த விழாவில் நேரம் போதாதாயின் ஒரு பொன்னாடையைக் குறையுங்கள், இரண்டு வாழ்த்துரைகளை நிறுத்துங்கள்.

அந்த மாணவியின் பிரதி இன்னும் எம்மிடம் உள்ளது. அதற்குப் பன்னிரண்டு நிமிடம் வேண்டும். கேட்பதற்கு எந்த மண்டபம் ஆயத்தமாக இருக்கிறது?