வானத்துக் கல்லின் வயிற்றிலே

"வானத்திலிருந்து விழுந்த கல். வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம்" என்று யாராவது விலை பேசினால், பணத்தை எடுக்குமுன் சற்றுப் பொறுங்கள், வாசகர்களே.

1857 பிப்ரவரி 28-இல் மதுரைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் மெய்யாகவே விண்கற்கள் விழுந்தன. எடை சுமார் 77 கிலோ. 'பர்னல்லி' என்ற பெயரில் விஞ்ஞானிகள் அதனை அறிவர்.

இத்தகைய கல்லில் ஒரு சீவலை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு கனமாகும்வரை தேய்ப்பார்கள். அப்போது ஒளி ஊடுருவும். நுண்ணோக்கியில் கடுகு தூவியதுபோல் உருண்டைகள் தெரியும். உருகிய துளிகள் விண்வெளியிலேயே இறுகியவை அவை. ஒலிவின், பைராக்சின் என்னும் கனிமங்களே அவற்றில் மிகுதி. இடையிடையே தெரியும் கரும்புள்ளிகளில் நிக்கல் கலந்த இரும்பும் உண்டு. வயது சுமார் 456 கோடி ஆண்டுகள்! பெரும்பாலான விண்கற்களின் முத்திரை இந்த உருண்டைகள்தாம். பூமிக் கற்களில் இவை கிடையா.

"காந்தம் ஒட்டுகிறதே!" என்பான் விற்பவன். இரும்பாலைக் கசடும் ஒட்டும். பூமிக் கற்கள் சிலவும் ஒட்டும். அது மட்டும் போதாது.

போர்டிக்சன் தோட்டத்துப் பிள்ளை விசித்திரக் கல்லொன்றைக் கொண்டுவந்தால் திட்டி வீசாதீர்கள்; பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். பார்ப்பதற்குக் காசில்லை. அதிர்ஷ்டக் கல்லுக்குக் கொடுக்கும் பணமோ திரும்பி வராது.