மின்னுந்துக்கோர் ஆற்றுப்படை

மின்னுந்து வாங்கிய குடும்பத்தார் ஓராண்டுக் காலம் நகருக்குள் மகிழ்வுடன் ஓட்டுகின்றனர். தொலைவழி புறப்படும் முதல் நாளன்றுதான் அதன் இயல்பை அறிகின்றனர். விற்றோர் சொன்ன எண் ஒன்று. வழியிற் கண்ட எண் மற்றொன்று. ஒருமுறை மின்னேற்றினால் நானூறு கி.மீ. ஓடுமென நம்பி, நோயுற்ற தாயைக் காணச் சென்னையினின்று நெல்லைக்கு விரையும் மகன், நள்ளிரவிற் பெரம்பலூர்ப் புறவழியில் ஒளியணைந்த மின்னேற்றியின் முன் நிற்க நேருமாயின், அவ்வெண் அவனுக்கு என் செய்யும்?

அவ்வெண் பொய்யென்பதற்கில்லை. ஆய்வுக்கூடத்தில், உருளைமேல் மெல்ல ஓட்டி அளந்தது அது. நெடுஞ்சாலையின் வழக்கு வேறு. விரைவு மணிக்கு 80 கி.மீ.இலிருந்து 100 ஆக ஏறின், காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்கினும் மிகும். குளிரூட்டியும் தன் பங்கைக் கேட்கும்.

ஆகவே கணக்கை ஓட்டுநரே போட்டுக்கொள்ளல் வேண்டும். 40 அலகு கொள்ளும் மின்கலம், அலகொன்றுக்கு 6 கி.மீ. தருமெனக் கொள்க. ஐந்திலொரு பங்கைக் கையிருப்பாக விட்டுவைப்பின், நிறைகலத்தோடு புறப்படும் முதற்கட்டம் 190 கி.மீ. ஆகும். வழியிலோ, எண்பது விழுக்காட்டைக் கடந்ததும் விரைமின்னேற்றம் நத்தையாய் நகரும். கலத்தைக் காக்கும்பொருட்டு மின்னோட்டம் குறைக்கப்படுவதே அதற்கு ஏது. நிறையும்வரை அங்குக் காத்துக்கிடத்தல் பொழுதைக் கொல்வதே. எனவே பின்வருங் கட்டங்கள் ஒவ்வொன்றும் 145 கி.மீ. அளவினவே. தாம்பரத்தினின்று உளுந்தூர்ப்பேட்டை ஏறத்தாழ 170 கி.மீ.; அடுத்துத் திருச்சிராப்பள்ளி, அதன்பின் மதுரை. 30 கிலோவாட்டுப் பொறியாயின் நிறுத்தமொன்றுக்கு ஒரு மணிப்பொழுது செல்லும். மதுரைக்கும் நெல்லைக்கும் இடைப்பட்ட கட்டம் சற்றே நீண்டது. கையிருப்பிற் கைவைக்க வேண்டும், அன்றேல் கோவில்பட்டியிற் சிறிது நிற்க வேண்டும்.

இவ்வழியிலேயே திண்டிவனம் இருக்கின்றது. அதன் ஒரு பகுதியான கிடங்கில், ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனிடம் பாணனை ஆற்றுப்படுத்திய நத்தத்தனார், 'போ, கிடைக்கும்' என்று வாளா சொல்லிவிடவில்லை. எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர்களை அடைவே நிறுத்தி, எவ்வூரில் எவர் யாது தருவர் என்பது வரை சொன்னார். ஆமூரில் வெண்சோற்றோடு நண்டும் கிட்டுமென்றார். சென்று வந்தவன் செல்லவிருப்பவனுக்குச் சொல்வதே ஆற்றுப்படை. இன்றைய கைப்பேசிப் படத்திற் புள்ளிகள் நிறைய உள. சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்பார்தாம் இலர்.

நெடுஞ்சாலையின் இருமருங்கும் 25 கி.மீ.க்கு ஒரு மின்னேற்று நிலையம் வேண்டுமென ஒன்றிய மின்துறை அமைச்சகத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறை கூறிற்று. கூறியது நன்றே. ஆயின் நட்ட பொறிகளை எண்ணினாற் போதுமா? நள்ளிரவு இரண்டு மணிக்கும் இயங்குவனவற்றையன்றோ எண்ணல் வேண்டும்! பழுதான பொறியைப் பழுதெனப் படத்திற் காட்டாத நிறுவனத்திற்குத் தண்டம் விதித்தாலன்றி இது திருந்தாது. நிறுவனத்திற்கொரு செயலி, செயலிக்கொரு முன்பணம் என்னும் வழக்கமும் ஒழிதல் வேண்டும். கன்னெய் ஊற்றவந்தவனை, முதலில் எம்மிடம் கணக்குத் தொடங்கு என எவரேனும் கேட்பதுண்டா? பொறியின் முகப்பில் இயக்குமுறையைத் தமிழில் நான்கு வரி எழுதுவதற்குத்தான் என்ன தடை? இரவில் தனித்து நிற்கும் முதியவர்க்கு அந்நான்கு வரியே துணை.

அதுவரை, செல்வோர் தம் ஆற்றுப்படையைத் தாமே எழுதிக்கொள்க. நிறுத்தமொன்றுக்கு இரண்டு நிலையங்களைக் குறித்துக்கொண்டு, இரண்டாவதை எட்டும் அளவுக்கேனும் மின் இருக்கையிலேயே முதலாவதிற் புகுக. பொங்கல் திருநாளை ஒட்டிய நாள்களில் வரிசையில் நிற்கும் பொழுதையுங் கூட்டிக்கொள்க. நெல்லை சேர்ந்தபின் உறவினர் வீட்டு 16 ஆம்பியர்த் துளையிற் பத்து மணிப்பொழுது ஏற்றின் ஏறத்தாழ 30 அலகு கிட்டும். ஆயின் அவ்வீட்டில் நிலக்கம்பி ஒழுங்காக உள்ளதா எனப் புறப்படுமுன்பே கேட்டறிக. அஃதில்லாவிடத்து உந்துகள் பல, மின்னை ஏலாது மறுத்துவிடும்.