20 நிமிஷம் லேட்டுன்னா அரை நாள் கட்... 2 மணி நேரம் கூடுதலா உழைச்சா?

காலை 9 மணி ஷிஃப்ட். மழை, டிராஃபிக். 9.20-க்கு ஆபீஸில் விரல் ரேகை வைத்தால், பல இடங்களில் அரை நாள் லீவு தானாகவே கழிந்துவிடும். அதே ஊழியர் அன்று இரவு 8 மணி வரை உட்கார்ந்து வேலையை முடித்தாலும், போன அரை நாள் திரும்பி வராது. ‘ஆஃப் டே’ கணக்கில் இருக்கும் சிக்கலே இதுதான். கழிக்க மட்டும் தெரியும், கூட்டத் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1947-ம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, ஆண்டுக்கு 12 நாள் வரை தற்செயல் விடுப்பு, 12 நாள் வரை நோய் விடுப்பு உண்டு. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, சம்பளத்துடன் இன்னும் 12 நாள் விடுமுறை. எல்லாமே நாள் கணக்குதான். அதை எப்படிப் பாதியாக உடைப்பது என்பது பெரும்பாலும் கம்பெனி பாலிசி.

மத்திய அரசு அலுவலகங்களிலும் லேட்டாக வந்தால் அரை நாள் சி.எல். கழிப்பார்கள். ஆனால், தகுந்த காரணம் இருந்தால், ஒரு மணி நேரம் வரையிலான தாமதத்தை மாதத்துக்கு 2 முறை வரை மன்னிக்கவும் இடம் உண்டு. அந்த அளவு இரக்கம்கூட பல தனியார் ஆபீஸ்களில் இல்லை.

லீவு பாதி, வேலை முழுசு

ஆஃப் டே எடுப்பவர்கள் ஜாலியாக ஊர் சுற்றவா போகிறார்கள்? பாஸ்போர்ட், ஆர்.டி.ஓ., பேங்க், குழந்தையின் ஸ்கூல் மீட்டிங் என எல்லாமே ஆபீஸ் நேரத்தில்தான் நடக்கும். 2015 செப்டம்பர் முதல் 2-வது, 4-வது சனிக்கிழமைகளில் பேங்க்கும் லீவு. வேறு வழி?

சரி, லீவு போட்டாச்சு. அன்றைய டார்கெட் பாதியாகக் குறைகிறதா? இல்லை. கியூவில் நிற்கும்போதே மேனேஜர் போன் வரும், இரவில் லேப்டாப் திறக்கும். அப்படியானால் அது லீவே இல்லை, நேரம் மாற்றிச் செய்த வேலை.

என்ன செய்யலாம்?

தாமதத்துக்கு நிமிடக் கணக்கு பார்க்கும் கம்பெனி, கூடுதல் உழைப்புக்கும் அதே கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேர வேலைக்கு ‘பெர்மிஷன்’ போதும், அரை நாள் எதற்கு? 0.5 லீவு கழித்தால் 0.5 வேலையும் கழிய வேண்டும். ஊழியர்களும் லேட் விதி எழுத்தில் இருக்கிறதா என்று ஹெச்.ஆரிடம் கேட்கலாம். இது சலுகை இல்லை, நேர்மையான கணக்கு.